பால்மரத்தின் தாய்வீட்டுக்கு ஜூன் மாதத்தில்

பிரேசிலுக்குப் போகிறேன் என்று நிலையத்தில் சொன்னதும் எல்லாரும் கேட்டது ஒன்றுதான். "கார்னிவலா?" அது பிப்ரவரி, மார்ச்சில் என்றேன். "பந்து பார்க்கவா?" அதற்கும் இல்லை. "அப்புறம் ஜூன் மாதத்தில் அங்கே என்ன இருக்கிறது?"

அங்கே ஆறு நிறைந்திருக்கும், ஆள் குறைந்திருப்பார்கள், தங்கும் விடுதிக்காரர் பேரத்துக்கு இறங்கி வருவார். கூடவே அப்பா வருகிறார் என்றும் சொன்னேன். அதன் பிறகு கேள்வி வேறு திசைக்குப் போய்விட்டது. ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய 69 வயது மனிதருக்கு அமேசான் காட்டில் என்ன வேலை?

இந்தப் பத்தியில் வழக்கமாக வார இறுதியில் போய்த் திரும்பக்கூடிய இடங்களைத்தான் எழுதுகிறேன். இந்த வாரம் கொஞ்சம் தூரம். போக நினைப்பவர்களுக்கு மாதம், இடம், ஊசி எல்லாம் சொல்லிவிடுகிறேன். ஆனால் முதலில் பக்கத்து ஊரிலிருந்து தொடங்க வேண்டும்.

மலாக்கா நகரத்துக்குப் பக்கத்தில் புக்கிட் லிந்தாங் என்று ஓர் இடம் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். அங்கே ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது, மாநிலத்தின் 21 தமிழ்ப்பள்ளிகளில் ஒன்று. 1896இல் டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் அங்கே சுமார் 40 ஏக்கரில் ரப்பர் கன்றுகளை நட்டார். மலாயாவில் ரப்பர் ஒரு வியாபாரத் தோட்டப் பயிராகத் தொடங்கியது அந்த 40 ஏக்கரில்தான். சிங்கப்பூர்ப் பூங்காவின் இயக்குநர் ரிட்லி, பார்க்கிற தோட்டக்காரரிடமெல்லாம் ரப்பர் விதையைக் கொடுத்து நடச் சொல்லி, 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வாங்கியிருந்த காலம். அவர் பேச்சை முதலில் நம்பியவர் டான் சாய் யான். அடுத்து அவர் புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். அதன் பிறகு நடந்தது நம் வீட்டுக் கதை. தாத்தா கப்பல் ஏறியது, லயத்து வீடு, விடியற்காலைப் பெரட்டு, பால் வாளி.

அதே 1896இல், டிசம்பர் 31ஆம் தேதி, பூமியின் மறுபக்கத்தில் மனௌஸ் என்ற ஊரில் ஓர் இசை நாடக அரங்கைத் திறந்தார்கள். நடுக்காட்டில், ஆற்றங்கரையில். கூரையின் குவிமாடத்துக்கு மட்டும் 36,000 ஓடுகள். ரப்பர் வியாபாரத்தில் வந்த பணம் அது. உலகத்துக்கே காட்டு ரப்பர் அங்கிருந்துதான் போனது. அரங்கைத் திறந்து வைத்த அந்தப் பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் புக்கிட் லிந்தாங் என்ற பெயர் தெரிந்திருக்காது. 1913 வாக்கில் ஆசியத் தோட்டத்து ரப்பர் அமேசான் ரப்பரைத் தாண்டிவிட்டது. மனௌஸ் படுத்துவிட்டது.

இந்த இரண்டு விஷயங்களையும் ஒரே இரவில் படித்தேன். மறுநாள் காலை பசியாறும்போது அப்பாவிடம் சொன்னேன். அவர் உரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "அந்தக் கொட்டகையப் பாக்கணும்" என்றார். அம்மாவுக்கு முட்டிவலி, விமானத்தில் அவ்வளவு நேரம் உட்கார முடியாது என்று ஒதுங்கிக்கொண்டார். அப்படித்தான் பயணம் முடிவானது.

இப்போது மாதம். சுற்றுலாக்காரர்கள் உச்சப் பருவம், மந்தப் பருவம் என்று இரண்டு சொல்வார்கள். இரண்டுக்கும் இடையில் சில வாரங்கள் உண்டு. வானிலை ஓரளவு ஒத்துழைக்கும், கூட்டம் இன்னும் வந்திருக்காது அல்லது போயிருக்கும். நமக்கு விளங்குகிற மாதிரி சொன்னால், சனிக்கிழமை இரவு ஜோங்கர் தெருவுக்கும் செவ்வாய்க்கிழமை காலை ஜோங்கர் தெருவுக்கும் உள்ள வித்தியாசம். ஒன்றில் நடக்க இடமில்லை, மற்றதில் பாதிக் கடை மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் போகிறவன்தான் விவரமானவன். ஜூன் மாதத்தில் சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறையால் மலாக்காவே அவர்கள் கார்களால் நிரம்பிவிடுகிறது. அந்த நேரத்தில் நாம் வெளியே கிளம்புவதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சியும் உண்டு.

பிரேசில் பெரிய நாடு. அதன் இடைப்பருவம் ஊருக்கு ஊர் மாறும். ரியோவுக்கும் தென்பகுதிக்கும் ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர். டிசம்பர் முதல் கார்னிவல் முடியும்வரை உள்ளூர்க்காரர்களே விடுமுறையில் இருப்பார்கள், ஜூலையிலும் பள்ளி விடுமுறை. இகுவாசு அருவிக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். வடகிழக்கில் லென்சோயிஸ் மரன்யென்சஸ் என்று வெள்ளை மணல் மேடுகளுக்கிடையே மழைநீர்க் குளங்கள் தேங்கும் இடம் ஒன்று இருக்கிறது. 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். மழை முடிந்து குளங்கள் நிரம்பியிருக்கும் ஜூன் அதற்கு நல்ல மாதம். படம் எடுத்துப் போட விரும்பும் இளசுகள் அங்கே போகலாம். நான் போகவில்லை.

அமேசானுக்குக் கணக்கு வேறு. அங்கே வெயில் மழையைவிட ஆற்றின் மட்டம்தான் பேசும். மனௌஸில் ரியோ நெக்ரோ ஆறு ஒரு வருடத்துக்குள் பத்து மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம். ஜூனில் உச்சத்துக்கு ஏறும், அக்டோபர், நவம்பரில் அடிமட்டம். துறைமுகச் சுவரில் எந்த ஆண்டு எவ்வளவு வெள்ளம் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். 2021இல் 30 மீட்டரைத் தாண்டியது. அடுத்து 2023லும் 2024லும் அக்டோபரில், 1902 முதல் உள்ள பதிவுகளிலேயே மிகக் குறைந்த அளவுக்கு இறங்கியது. படகுகள் மணலில் தரைதட்டின. செப்டம்பர், அக்டோபரில் காட்டை எரிக்கிற புகையும் சேரும். புகைமூட்டம் பார்க்க அவ்வளவு தூரம் பணம் செலவு செய்து போக வேண்டியதில்லை, நமக்கு அது வீட்டு வாசலுக்கே வருகிறது.

ஆகவே ஜூன் மாதத்தின் முதல் பாதி. பெருமழை ஓய்ந்திருக்கும், ஆனால் ஆறு நிறைந்திருக்கும். காட்டுக்குள் படகு போகும். ஜூலை விடுமுறைக் கூட்டம் இன்னும் வந்திருக்காது. ஜூன் கடைசி வார இறுதியில் பரின்டின்ஸ் என்ற தீவு ஊரில் பெரிய மாட்டுத் திருவிழா நடக்கும், அந்த வாரம் மனௌஸ் விமானமும் படகும் நிரம்பி வழியும். அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும். நம் பள்ளிகளுக்கும் மே கடைசியில் விடுமுறை வருவதால் பிள்ளைகள் உள்ளவர்களும் தேதியைப் பொருத்திக்கொள்ளலாம். இசைப் பிரியர்கள் ஏப்ரல், மே பார்க்கலாம், அந்த அரங்கில் ஆண்டுதோறும் ஓபரா விழா அப்போதுதான். மழையில் நனையத் தயாராக இருக்க வேண்டும்.

நேரடி விமானம் கிடையாது. தோஹா, துபாய், இஸ்தான்புல் என்று ஏதாவது ஓர் ஊரில் மாறி சாவ் பாவ்லோ, அங்கிருந்து மனௌஸ் இன்னும் நான்கு மணி நேரம். மனௌஸுக்கும் நமக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். அப்பா கைக்கடிகாரத்தைத் திருப்பவே இல்லை. "மணி சரியாத்தான் காட்டுது, பகல்தான் ராத்திரியா இருக்கு" என்றார்.

விடுதி முகப்பில் இன்னொரு வேடிக்கை. அறைச் சாவியை எப்படிக் கேட்பது என்று நான் கைப்பேசியில் மொழிபெயர்ப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்பா கையைத் திருகிக் காட்டி "சாவி" என்றார். அந்தப் பெண் உடனே எடுத்துக் கொடுத்துவிட்டார். போர்த்துகீசிய மொழியில் 'ஷாவி'. நாம் அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்ட சொல் அது. ஜன்னல், மேசை, அலமாரி எல்லாம் அப்படி வந்தவைதான். மலாய்க்காரர்கள் மெந்தேகா என்பதும் அங்கிருந்து வந்ததே. மலாக்காவில் போர்த்துகீசியர் குடியிருப்பு வழியாகப் போகும்போதெல்லாம் மீன் சாப்பாட்டை மட்டும் நினைத்த எனக்கு, அந்த முகப்பில்தான் 1511 கொஞ்சம் உறைத்தது.

மனௌஸில் மூன்று நாள் போதும். அரங்கத்துக்குக் காலையில் போங்கள், வழிகாட்டியோடு உள்ளே சுற்றிக் காட்டுவார்கள். இத்தாலியிலிருந்து சரவிளக்கு, பிரிட்டனிலிருந்து இரும்பு, எல்லாம் கப்பலில் வந்து ஆறு ஏறியவை. வாசலில் வண்டிச் சத்தம் உள்ளே கேட்காதபடி ரப்பர் கலந்த கற்களைப் பாவியிருந்தார்களாம். அப்பா மேல்மாடத்து நாற்காலியில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். "இங்கயும் துரைமாருங்க நல்லாத்தான் இருந்திருக்காங்க" என்றார். அரங்கம் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

அவருக்கு வாய் திறந்தது மறுநாள். மனௌஸின் மரினா டோ டாவி படகுத்துறையிலிருந்து அரை மணி நேரத்தில் செரிங்கால் அருங்காட்சியகம் என்ற இடத்துக்குப் போகலாம். செரிங்கால் என்றால் ரப்பர் காடு. ஒரு திரைப்படத்துக்காகப் போட்ட அரங்கமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அந்தக் காலத்து ரப்பர் முதலாளியின் வீடு, கணக்கறை, சாமான் கடை, தொழிலாளியின் குடிசை, பாலைப் புகையில் காட்டி உருண்டையாக்கும் கொட்டகை என்று காட்டுகிறார்கள். கடையில் உப்பு, மாவு, துணி, கத்தி எல்லாம் முதலாளியே கடனாகக் கொடுப்பார், விலையும் அவரே வைப்பார். பாலைக் கொண்டுவந்து போட்டால் அதற்கும் விலை அவரே வைப்பார். கடன் தீரவே தீராது. வழிகாட்டிப் பையன் இதை ஆங்கிலத்தில் விளக்க, நான் அப்பாவுக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார். "கடைச் சீட்டு. எங்க தாத்தாவுக்கும் இதேதான். தெரியும், மேல சொல்லச் சொல்லு."

மேலே அவன் சொன்னது எனக்கே புதிது. அந்தக் காட்டில் பால் எடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர்க்காரர்கள் அல்லர். வடகிழக்கே சியாரா மாநிலத்தில் 1877இல் தொடங்கிய கொடும் வறட்சியில் பிழைக்க வழியில்லாமல் காட்டுக்கு வந்தவர்களும் அவர்களைத் தொடர்ந்து வந்தவர்களும். எனக்குச் சட்டென்று நம் தாது வருடப் பஞ்சம் நினைவுக்கு வந்தது. சென்னை மாகாணத்தை 1876 முதல் 1878 வரை உலுக்கிய பஞ்சம். பசிபிக் கடல் சூடாகும் எல் நினோ என்ற ஒரே நிகழ்வுதான் இரண்டு கண்டங்களிலும் அப்போது மழையைக் கெடுத்தது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அங்கே சியாராக்காரன் காட்டுக்குப் போனான், இங்கே நம் ஆட்கள் கடல் கடந்து தோட்டங்களுக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். ரப்பர் விதை பிரேசிலைவிட்டு வெளியேறியதும் அதே 1876தான். விக்கம் என்ற ஆங்கிலேயர் தபஜோஸ் ஆற்றங்கரையில் சுமார் 70,000 விதைகளைச் சேர்த்து லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோனார். முளைத்தது மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றின் வழி 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் சில கோலகங்சாருக்குப் போயின, ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது.

நாங்கள் எந்த நாடு என்று அந்தப் பையன் கேட்டான். மலேசியா என்றேன். சிரித்துக்கொண்டே, "ஓ, எங்கள் ரப்பரைத் திருடியவர்கள்!" என்றான். பிரேசிலில் பள்ளிப் பிள்ளைக்கும் இந்தக் கதை தெரியும். நான் அசடு வழிந்துகொண்டு மொழிபெயர்த்தேன். அப்பா சிரிக்கவில்லை. "எடுத்தது வெள்ளக்காரன். நான் வெட்டுனவன். அதச் சொல்லு." சொன்னேன். பையன் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினான், மற்றவர்களை விட்டுவிட்டு எங்களை மட்டும் பால் வெட்டும் மரத்தடிக்கு இன்னொரு முறை கூட்டிப் போனான்.

மனௌஸில் தவறவிடக் கூடாத இன்னொன்று, கறுப்புத் தண்ணீர் ரியோ நெக்ரோவும் மஞ்சள் தண்ணீர் சொலிமோயிஸும் கலக்காமல் பக்கம் பக்கமாகப் பல கிலோமீட்டர் ஓடும் இடம். எல்லாப் படகுக்காரரும் கூட்டிப் போவார்கள், பேரம் பேசலாம். கறுப்புத் தண்ணீர்ப் பக்கம் கொசு குறைவு என்பதால் காட்டு விடுதி எடுப்பவர்கள் அந்தப் பக்கமாக எடுப்பது நல்லது.

அங்கிருந்து சாந்தரேம் ஊருக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். படகில் ஒன்றரை நாள். நாங்கள் படகில் போனோம். மேல்தட்டில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் துணி ஊஞ்சல் கட்டிப் படுத்திருப்பார்கள். பெரியவர்களுக்கு ஏணை கட்டியது போல. அப்பா பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டார், எனக்குத்தான் இரண்டு பக்கமும் முழங்கை இடித்தது. சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் அறை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது விமானத்தில் போய்விடுங்கள். சாப்பாடு சோறு, பீன்ஸ், மீன், அதன்மேல் தூவ மரவள்ளி மாவு. நான்கு வேளையும் மரவள்ளி. அது அவர்கள் மண்ணின் கிழங்கு. ரப்பருக்கு முன்னால் மலாக்காவில் சீன முதலாளிகள் பெரும் நிலப்பரப்பில் நட்டதும் மரவள்ளிதான், ஜப்பான்காரன் காலத்தில் நம் பாட்டிமார் உயிரைப் பிடித்து வைத்திருந்ததும் அதுதான். அப்பாவுக்கு அதனாலேயே பிடிக்கவில்லை. "இத எங்கம்மா எங்களுக்கு ஊட்டி ஊட்டியே..." என்று தட்டைத் தள்ளிவைத்தார். மீன் மட்டும் இரண்டு துண்டு கூடுதலாகப் போனது.

எனக்குப் பிடித்த இடம் சாந்தரேம் பக்கம்தான். நகரத்தில் நிற்க வேண்டாம். சுமார் 35 கிலோமீட்டரில் ஆல்டர் டு ஷாவ் என்ற ஆற்றோரக் கிராமம், தபஜோஸ் ஆற்றங்கரையில். தண்ணீர் நீலப்பச்சை. வெள்ளை மணல் கடற்கரை போன்ற படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன், ஜூனில் அந்த மணலில் பெரும்பகுதி தண்ணீருக்கடியில். ஓலைக் குடில்களின் கூரை மட்டும் தெரியும். அதற்குப் பதில் சிறு படகில் மரங்களின் கிளைகளுக்கிடையே போகலாம், மரத்தின் பாதி உயரத்தில் நாம் மிதப்போம். மணல்தான் வேண்டுமென்றால் ஆகஸ்ட் போங்கள். செப்டம்பரில் சயிரே திருவிழா, அறை கிடைக்காது.

அங்கிருந்து தபஜோஸ் தேசியக் காட்டுக்குள் ஜமரகுவா, மகுவாரி என்ற ஆற்றோரக் கிராமங்கள் இருக்கின்றன. உள்ளூர் வழிகாட்டியோடுதான் காட்டுக்குள் போக வேண்டும், அவர்கள் வீட்டிலேயே சாப்பாடு. இங்கே சிலர் இன்னும் பால் எடுக்கிறார்கள். நான் இந்தப் பயணத்துக்கு மனத்துக்குள் குறித்து வைத்திருந்த நாள் அதுதான்.

காட்டில் ரப்பர் மரம் வரிசையாக நிற்காது. ஒன்று இங்கே, அடுத்தது ஐம்பது அறுபது எட்டு தள்ளி, நடுவில் நூறு வேறு மரங்கள். பால் எடுப்பவர் காட்டுக்குள் ஒரு வளையமாகப் பாதை வெட்டி வைத்திருப்பார், இருட்டோடு தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு அந்த வளையத்தை நடந்து முடிப்பார். தலை விளக்கைப் பார்த்ததும் அப்பா என் தோளைத் தட்டினார், அதற்குச் சொல் தேவைப்படவில்லை. எங்களோடு வந்தவருக்கு அப்பா வயதுதான் இருக்கும். ஒரு பெரிய மரத்தருகே நின்று வெட்டிக் காட்டினார். அப்பா குனிந்து வெட்டைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஆழம் அதிகம், மரம் காயப்பட்டிருக்கிறது. அந்தப் பெரியவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் உதட்டுப் பிதுக்கல் புரிந்துவிட்டது. கத்தியை அப்பாவிடம் நீட்டினார்.

அது நம் உளி மாதிரி இல்லை. வளைந்த வாய், பிடி வேறு. அப்பா இரண்டு முறை காற்றில் இழுத்துப் பார்த்தார். தோட்டம் செம்பனைக்கு மாறி, அவர் பத்து பெரண்டாம் தொழிற்சாலைக்குப் போய் முப்பது வருடத்துக்கு மேலாகிறது. ஒரே இழுப்பு. பட்டை சுருள் சுருளாக, காகிதம் மாதிரி மெல்லிசாக விழுந்தது. வெள்ளைக் கோடு எழும்பி, நிதானமாக இறங்கி, கோப்பையில் சொட்ட ஆரம்பித்தது. அந்தப் பெரியவர் விழுந்த சுருளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்பா விரலில் பட்ட பாலைத் தேய்த்து மோந்து பார்த்தார். நான் படம் எடுக்க மறந்துவிட்டேன். வானொலிக்காரி, ஒலிப்பதிவுக் கருவியையாவது அழுத்தியிருக்கலாம். அதுவும் இல்லை.

திரும்பும் வழியில் கிராமத்துப் பெண்கள் ரப்பர் கொட்டை கோத்த மாலைகள் விற்கிறார்கள். பளபளவென்று புள்ளி போட்ட அதே கொட்டை. பள்ளிக்கூடத் தரையில் தேய்த்துப் பக்கத்துப் பையன் கையில் சூடு வைப்போமே, அதே. தங்கைக்கு ஒன்று வாங்க நான் பணப்பையை எடுத்தேன். அப்பா தடுத்துவிட்டார். கிளம்புவதற்கு முன் நான்தான் அவருக்கு விளக்கியிருந்தேன், நானே மறந்துவிட்டேன்.

தென் அமெரிக்காவில் ரப்பர் இலையைத் தாக்கும் ஒரு பூசண நோய் இருக்கிறது. காட்டில் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்பதால் அது பெரிதாகப் பரவாது. நெருக்கி நட்டால் ஒரு தோட்டத்தையே இலையில்லாமல் உதிர்த்துவிடும். இந்த நோய் விதையோடு ஆசியாவுக்கு வராமல் போனதால்தான் மலாயாவில் ரப்பர் பிழைத்தது, நம் குடும்பங்களும் அதைச் சுற்றிப் பிழைத்தன. ஆகவே அமெரிக்க வெப்பமண்டல நாடுகளிலிருந்து ரப்பர் விதை, இலை, குச்சி, கன்று எதையும் அனுமதியின்றி மலேசியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. மாலையும் விதைதான். காட்டில் போட்ட காலணியைக் கழுவி, துணிகளைத் துவைத்து, அதன் பிறகுதான் பெட்டி கட்டினோம். கெடா, பேராக் சிறுதோட்டக்காரர்கள் இன்னும் அந்த மரத்தை நம்பித்தான் இருக்கிறார்கள்.

நெருக்கி நட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க விரும்பினால் சாந்தரேமிலிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் பெல்தெர்ரா போகலாம். கார் ஹென்றி ஃபோர்டு, டயருக்கு ஆங்கிலேயரை நம்பியிருக்க விரும்பாமல் 1928இல் ஆற்றின் மேல்பகுதியில் ஃபோர்ட்லாந்தியா என்று ஒரு நகரத்தையே கட்டினார். நம் ஊர் போல வரிசையாக நட்டார், நோய் தின்றது. 1934இல் பெல்தெர்ராவில் மறுபடி முயன்றார், அதுவும் ஓடவில்லை. 1945இல் எல்லாவற்றையும் பிரேசில் அரசிடம் விற்றுவிட்டார்கள். ஃபோர்டு ஒருமுறைகூட அங்கே வந்ததில்லை. ஃபோர்ட்லாந்தியாவில் 1930 டிசம்பரில் தொழிலாளர்கள் சாப்பாட்டுக் கூடத்தை அடித்து நொறுக்கினார்கள். சாப்பாடும் அதைப் போடும் முறையும் பொறுக்க முடியவில்லை. மேலாளர்கள் படகில் ஏறித் தப்பினார்கள். அவ்வளவு தூரம் ஆற்றில் போக எங்களுக்கு நாள் போதவில்லை. பெல்தெர்ராவில் பச்சை வெள்ளை மரவீடுகளும் தண்ணீர்த் தொட்டியும் இன்னும் இருக்கின்றன. "கிராணி வீடு" என்று அப்பா ஒன்றைக் காட்டினார். ஊரைச் சுற்றி இப்போது சோயா வயல்கள். செம்பனைக்கு நடுவில் நிற்கும் பழைய லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்ப நினைப்பவர்களுக்கு முக்கியமான விஷயம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பிரேசிலிலிருந்து திரும்பும்போது அந்தச் சான்றிதழைக் காட்டாவிட்டால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்த முடியும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுதும் போதும். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் அபாயம் சற்றுக் கூடுதல், மருத்துவர் உடம்பைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். அப்பாவுக்காக நாங்கள் இரண்டு மாதம் முன்பே போனோம், இரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துவிட்டுத்தான் போட்டார்கள். பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் இதை முடித்துக்கொள்ளுங்கள். மலேரியா மாத்திரை பற்றியும் அப்போதே கேட்டுவிடலாம். மலேசியக் கடப்பிதழுக்குச் சுற்றுலா விசா தேவைப்படவில்லை, ஆனாலும் பயணத்துக்கு முன் தூதரகத்தில் ஒருமுறை சரிபார்ப்பது வழக்கமாக இருக்கட்டும்.

வந்து ஒரு வாரம் கழித்து ஜாசினில் அப்பா வழக்கமாக உட்காரும் கோப்பிக் கடையில் நானும் இருந்தேன். பழைய தோட்டத்து ஆட்கள் நாலு பேர். அரங்கம், ஆறு, படகு ஒன்றையும் யாரும் கேட்கவில்லை.

"அங்க ஒரு வெட்டுக்கு எத்தன மரம்?"

"நூத்தம்பது இருக்கும்" என்றார் அப்பா.

"அவ்வளவுதானா? நாம ஐந்நூறு வெட்டுவமே!"

"மரத்துக்கு மரம் நடக்கணும்டா" என்று சொல்லிவிட்டு அப்பா இன்னொரு கோப்பி சொன்னார்.